சாம்பிராணி எங்கே போனது

திருமலைராயன்பட்டினம்
12.5.2006

அன்புள்ள அத்தானுக்கு வினிதா எழுதுவது.

இல்லை, மழை பெய்யவில்லை. போனில் நீங்கள் கேட்டது ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டிய சத்தம். நீங்கள் வாங்கிக் கொடுத்த ஏசிதான். அதற்காக ஞாயிற்றுக்கிழமை வந்து அக்காவையும் குழந்தையையும் சென்னைக்கு அழைத்துப் போக வேண்டாம். குழந்தைக்கு ஐந்தாம் மாதம் ஆனதும் அனுப்புவதாகத்தான் பேச்சு. இன்னும் மூன்றுகூட ஆகவில்லை. மற்றபடி நாங்கள் நால்வரும் நலம். ஒரே அறையில், ஒரே காற்றில். அந்தக் காற்றைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

குழந்தையைக் குளிப்பாட்டியதும் அம்மா சாம்பிராணி போடுவார். தலை ஈரம் காய. குளிர் வெளியே போய்விடக் கூடாதென்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, ஏசிக்கு நேர் கீழே. சுவரிலுள்ள பெட்டி புகையை இழுத்து, வெளியே இருக்கும் பெட்டி வழியாக விட்டுவிடும் என்பது அம்மாவின் நம்பிக்கை. என்னுடையதும். எம்.ஏ. இதற்கு உதவவில்லை. புகை மேலே போனது, எங்களுக்குத் திருப்தி, பிறகு காற்று குறைந்தது, உள்ளே ஐஸ் பிடித்தது, அது உருகித் தொட்டிலருகே சொட்டியது, வாளி வைத்தோம்.

நேற்று மெக்கானிக் செல்லையன் வந்து மூடியைத் திறந்தார். உள்ளே வலை கறுத்திருந்தது.

“அம்மா, இது வெளிக்காத்தைக் கொண்டாராதுங்க. ரூம் காத்தையே இழுக்கும். வலையில தூசி நிக்கும். பின்னாடி குளுந்த குழாயில பட்டு அதே காத்து திரும்பி வரும். வலை அடைச்சா குழாய்ல ஐஸ் கட்டிரும்.”

“அப்ப வெளிய நிக்கிற பெட்டி?”

“அது சூட்டை மட்டும் தள்ளுது. நடுவுல குழாய்க்குள்ள ஓடுறது கேஸு.”

“அப்ப நான் போட்ட சாம்பிராணி எங்க தம்பி போச்சு?”

“எங்கயும் போவலைங்க. இங்கதான் சுத்திக்கிட்டு இருக்கு.”

அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார். காற்று போகாமல் சூடு மட்டும் எப்படிப் போகும்? இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் புரிந்ததாகத் தலையாட்டினேன்.

இனி சாம்பிராணி கூடத்தில். வலையைக் கழுவியாயிற்று. ஏசி ஓடுகிறது. ஆகவே நீங்கள் வரத் தேவையில்லை.

அத்தைக்கு என் வணக்கம். உங்களுக்கு உங்கள் மகன் ஓர் உதை அனுப்பியிருக்கிறான்.

வினிதா

பி.கு.: அக்கா இதைப் படித்துவிட்டாள். “ஓடுதுன்னு ஏண்டி எழுதுன? அவரை வர வைக்கத்தான் ரெண்டு வாரமா போன்ல ஏசியைத் திட்டிக்கிட்டு இருக்கேன்.”

அம்மாவுக்குத் தெரியாதாம். எனக்கும் தெரியாது, இதுவரை. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் அத்தான். ஏசி ஓடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பரண்மேலிருந்து அக்காவின் சூட்கேஸை இறக்கித் துடைத்து வைத்தேன்.