உபதேசியாருக்கு வந்த வாக்கு

"உபதேசியாரே, எம்பொண்ணுக்கு ஒரு வாக்குச் சொல்லுங்க" என்று கலியம்மாள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தட்டில் வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம், கற்பூரம்.

உபதேசியார் சவரிமுத்து தட்டைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினார். ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் மறைக்கல்வி சொல்லித்தருபவர் அவர். போன வாரம் அரியலூர் பஸ் வராது என்றார், வரவில்லை. பஸ் வழியில் பழுதாகி நின்றதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னதுதான். அதற்குள் ஊரே அவரைத் தீர்க்கதரிசி ஆக்கிவிட்டது.

"தீர்க்கதரிசின்னா ரொம்பத் தூரத்துல உள்ளதைப் பார்க்குறவரு, கலியம்மா. எனக்குக் கண்ணாடி போடாட்டி கையில இருக்கிற செபமாலையே தெரியாது."

"கிட்டத்துல தெரியாதவங்களுக்குத்தான் தூரத்துல தெரியும்."

இது வேறா என்று நொந்துகொண்டு உபதேசியார் வேறு வழி பார்த்தார். "புது பைபிள்ல அந்தப் பேரையே மாத்திட்டாங்க. இப்ப இறைவாக்கினர். நாளைக்கு நடக்கப்போறதைச் சொல்ற ஆளு இல்ல. சாமி சொன்னதை ஊருக்கு எடுத்துச் சொல்றவரு. அதுக்கே கல்லடி பட்டாங்க."

"அப்ப சாமிகிட்டயே கேட்டுச் சொல்லுங்க. எவன் கல்லெறியறான்னு நான் பார்த்துக்கறேன்."

இனிப் பேசினால்தானே வம்பு என்று அவர் வாயை மூடிக்கொண்டார். சாமி இறங்குகிறது என்று அவள் கற்பூரத்தைக் கொளுத்தினாள்.

"மேகலாவுக்குப் பெரம்பலூர்ல நர்ஸ் படிக்க இடம் கிடைச்சிருக்கு. செந்துறை மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வெள்ளிக்கிழமை தட்டு மாத்த வராங்க. ரெண்டுல எதுன்னு சொல்லுங்க. அப்படியே செஞ்சுடறேன்."

பதினேழு வயதுப் பெண்ணின் வாழ்க்கையை இப்படியா ஒருவர் வாயில் கட்டித் தொங்கவிடுவது? உபதேசியாருக்குக் கோபம் வந்தது.

"இதுக்கு எதுக்கு சாமி? பச்சப்புள்ளையப் பிடிச்சு எவனுக்கோ கட்டிவைக்காம படிக்க அனுப்புங்க!" என்று கத்திவிட்டார்.

கலியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வாக்கு வந்துருச்சு!"

செந்துறைக்கு ஆள் அனுப்பி வெள்ளிக்கிழமைக் காரியத்தை நிறுத்திவிட்டார்கள். திங்கட்கிழமை பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்ற மேகலாவிடம் போய் உபதேசியார் தலைகுனிந்து நின்றார்.

"எனக்கு வாக்கும் இல்ல ஒண்ணும் இல்ல, புள்ள. ஊர்ல எவனோ கிளப்பிவிட்ட புரளி. உங்கம்மாவை ஏமாத்தின மாதிரி மனசு அறுக்குது."

மேகலா பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

"எவனோ இல்லிங்க, நான்தான் கிளப்பிவிட்டேன். நான் சொன்னா அம்மா கேக்காது. உங்ககிட்ட வந்து கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும்."