தனி லைன்

“உங்க வீட்டு நெட் தனி லைன்தானே சார்? யாரோடயும் பங்கு போட்டுக்கலையே?”

கம்ப்யூட்டர் திரையிலிருந்து மேடம் இப்படிக் கேட்டதும் புரூஃப் ரீடர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலை பார்த்த அச்சகத்தை மூடி ஏழு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு வந்த முதல் நேர்முகத் தேர்வு இது. வீட்டிலிருந்தபடியே பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் வேலை. இதையும் கோட்டை விட்டால் வீட்டில் தலைகாட்ட முடியாது.

“தனி லைன்தான் மேடம். எனக்கு மட்டும்தான்” என்று கூசாமல் புளுகினார்.

“நல்லது. எங்க கம்பெனி அதுல மட்டும் ரொம்பக் கறார். நானே தனி லைன் போட்டிருக்கேன்னா பாத்துக்கங்க.”

உண்மையில் அந்த ஒரே லைனை நாலு கம்ப்யூட்டர்கள் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தன. பக்கத்து அறையில் மனைவி ஆன்லைனில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த அறையில் மகள் கல்லூரிக்காக எதையோ டவுன்லோடு செய்துகொண்டிருந்தாள். போதாக்குறைக்கு, போன வாரம் மாடிக்குக் குடிவந்தவர்களுக்கும் இதே லைனைக் கொடுத்திருந்தார் வீட்டுக்காரர். அவர்களை இவர் இன்னும் கண்ணால் பார்த்ததில்லை. நாற்காலியை இழுக்கிற சத்தம் மட்டும் நாள் முழுக்கக் கேட்கும்.

“சரி, மூணாவது பக்கத்துல நீங்க திருத்தின...” என்று ஆரம்பித்த மேடத்தின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றது.

மனைவியின் அறைக்கு ஓடினார். “ஒரு பத்து நிமிஷம் நிறுத்தேன், புண்ணியமாப் போகும்.”

“பதினெட்டுப் பிள்ளைங்க பாதிக் கணக்குல நிக்குது. அதுங்க அம்மாங்களுக்கு நீங்க பதில் சொல்றீங்களா?”

அந்தத் தைரியம் அவருக்கில்லை. வாசலுக்குப் போய், மாடிப்படிக்குக் கீழே இருந்த நெட் பெட்டியில் மனைவியின் வயரைச் சத்தமில்லாமல் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மேடம் அசைந்தார். அதே சமயம் கதவும் திறந்தது.

“என்னங்க, நெட் போயிடுச்சு! பெட்டியில கைய வெச்சீங்களா?”

“யாருங்க அது?” என்றார் மேடம்.

“பக்கத்து வீட்டம்மா, மேடம்.”

பக்கத்து வீட்டம்மா இடுப்பில் கைவைத்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நேராக மகளின் அறைக்குப் போய், அங்கிருந்தே பாடத்தைத் தொடர்ந்தாள். மேடம் மறுபடி கட்டம் கட்டமானார்.

மறுபடி ஓட்டம். மகளின் வயரும் கழன்றது. “அப்பா! தொண்ணூத்தெட்டு பர்சன்ட் வந்திருந்துச்சுப்பா!” என்ற அலறல் வாசல்வரை துரத்தியது.

மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“ஏன் சார் அடிக்கடி எழுந்து போறீங்க?” மேடத்தின் குரலில் சலிப்பு. “இருங்க, உங்க டெஸ்ட் பேப்பரை எடுத்துட்டு வர்றேன்.”

மேடம் எழுந்தார். தலைக்குமேல் ‘கர்ர்ர்’ என்று நாற்காலி இழுபட்டது. நேரங்காலம் தெரியாத ஜென்மங்கள் என்று புரூஃப் ரீடர் பல்லைக் கடித்தார். மேடம் திரும்பி வந்து வாயைத் திறந்ததும் குரல் விட்டு விட்டுக் கேட்டது.

இனிச் சந்தேகமே இல்லை, மொத்தத்தையும் உறிஞ்சுவது மாடிதான். ஏழு மாத ஆத்திரத்தையும் சேர்த்து மாடி வயரை ஒரே இழுப்பாக இழுத்தார்.

திரும்பி வந்து பார்த்தால் திரையில் இவர் முகம் பளிச்சென்று தெரிந்தது. மேடத்தைத்தான் காணோம். ‘வெளியேறிவிட்டார்’ என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடமும் ஆனது. கோபித்துக்கொண்டு போய்விட்டார், அவ்வளவுதான். புரூஃப் ரீடருக்கு அழுகை வந்தது.

சண்டை போடத்தான் மனைவி வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் தோளில் கைவைத்தாள்.

“விடுங்க. இந்தப் பக்கத்து வீட்டம்மா இருக்கேன்ல, பாத்துக்கலாம்.”

அழைப்புமணி அடித்தது. மகள் போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் கேட்ட குரல் புரூஃப் ரீடரை நாற்காலியிலிருந்து தூக்கி நிறுத்தியது. இப்போது அது விட்டு விட்டுக் கேட்கவில்லை.

“மாடியிலேர்ந்து வர்றேன்மா. எந்தப் புண்ணியவானோ பெட்டியில மூணு வயரைப் புடுங்கிப் போட்டிருக்கான், எது என்னுதுன்னே தெரியலை. உங்க வீட்டுல ஒரு ஓரமா உக்காந்து இந்த இன்டர்வியூவை முடிச்சுக்கட்டுமா? எனக்குத் தனி லைன்னு ஆபீஸ்ல சத்தியம் பண்ணி வெச்சிருக்கேன், பொய்னு தெரிஞ்சா என் வேலையே போயிடும்!”