இன்னும் அரைத் திருகு

உலகத்தில் ‘சரிசெய்வோர்’ என்று ஓர் இனம் உண்டு. பழுது பார்ப்பவர்களோடு இவர்களைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர்கள் கெட்டுப்போனதைச் சரிசெய்கிறவர்கள். இவர்களோ, நன்றாக இருப்பதைச் சரிசெய்வார்கள். அதுவும் வேலையைத் தொடங்க வேண்டிய அந்த நிமிஷம் பார்த்து!

என் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர், இந்த இனத்தின் சிகரம். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அவள் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அத்தானுக்கோ முதல் மாடிக்குள்ளேயே மூச்சு முட்டிவிடும். “இப்படியே ஏறிடாதீங்க சார். தினம் துடுப்பு மெஷின்ல உட்கார்ந்து, படகு வலிக்கிற மாதிரி இழுத்து உடம்பை முதல்ல பழக்குங்க” என்றார் டாக்டர். பேத்தியைத் தூக்கிவிட வேண்டும் என்ற தவிப்பில் அன்றைக்கே ஒரு பழைய மெஷினை வாங்கிவந்து கூடத்தில் போட்டார் மனிதர்.

இரண்டு பக்கமும் துடுப்புக் கம்பி. ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் நிரப்பிய ஒரு குழாய், அதன்மேல் நம்பர் போட்ட ஒரு வளையம். வளையத்தைத் திருகினால் துடுப்பு இறுகும், தளரும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அத்தானுக்கு அவ்வளவோடு போகுமா? காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெரிய படகுப்போட்டிக்குக் கிளம்புகிறவர் மாதிரி உட்கார்ந்து, ஒரே ஒரு இழு இழுத்து, கண்ணை மூடி யோசித்து, இறங்கிவிடுவார்.

“இடது பக்கம் கொஞ்சம் டைட்டா இருக்கே.”

“நேத்து வலது பக்கம்னு சொன்னீங்க?” என்பாள் அக்கா.

“அதைத்தான் நேத்தே சரி பண்ணிட்டேனே!”

பிறகு இன்னும் அரைத் திருகு. மறுபடி ஒரு இழு. மறுபடி யோசனை. அதற்குள் ஆபீசுக்கு நேரமாகிவிடும். இந்த லட்சணத்தில், “மெஷின் எப்படிப் போகுது?” என்று நான் கேட்டால், “செட்டிங் முடியப்போகுது மாப்ள!” என்று பெருமையாகச் சொல்வார்.

ஒருநாள் அவர் மெஷினுக்கு எண்ணெய் வாங்கக் கடைக்குப் போயிருந்த சமயம் அக்கா சும்மா ஏறி உட்கார்ந்தாள். வளையத்தின் பக்கமே போகாமல் துடுப்பை வலித்தாள். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் சூடேறி, இரண்டு துடுப்பும் வெண்ணெயாக வழுக்கின. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்றிலிருந்து தினமும் வலித்தாள்.

“ஓட்டுங்க, சூடானா அதுவா சரியாயிடும்” என்று அவரிடமும் சொல்லிப் பார்த்தாள்.

“சரியான பிறகுதான் ஓட்டணும். ஒரு முறைன்னு இருக்குல்ல?”

போன வாரம் மகள் வீட்டுக்குப் போனோம். அக்கா நாலு மாடியும் மடமடவென்று ஏறிப் பேத்தியை வாரிக்கொண்டாள். அத்தான் முதல் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, மெல்ல இறங்கித் தெருவுக்கே வந்துவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. மகள் குழந்தையைப் பால்கனிக்குத் தூக்கிவந்து காட்டினாள். அத்தான் அண்ணாந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கத்தினார்:

“கொஞ்சம் இடது பக்கமா சாய்ச்சுப் பிடிம்மா!”

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்க உட்காருமுன் நாற்காலியை எத்தனை தடவை இழுத்துப் போட்டீர்கள்? விளக்கு, மின்விசிறி, முதுகுக்குத் தலையணை எல்லாம் ஒருவழியாகச் சரியாகிவிட்டதா? போகட்டும், எழுந்து செய்ய வேண்டிய அந்த வேலையை எப்போது தொடங்குவதாக உத்தேசம்?