இருபது வெள்ளைச் சட்டை

பதினோராவது சட்டையின் காலரிலும் கரி விழுந்துவிட்டது.

தையல்காரி ஊதிப் பார்த்தாள். போகவில்லை. விரலால் தட்டினாள். பொட்டாக இருந்தது கோடாக நீண்டது. ஜன்னலுக்கு நேர் எதிரே, பழைய அலுமினியம் உருக்கும் பட்டறையின் புகைக்குழாய் தன்பாட்டுக்குக் கக்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி வரும். இருபது வெள்ளைச் சட்டை. ஒரு பொட்டு இருந்தாலும் அத்தனையும் திரும்பி வரும் என்று துணி கொடுத்த ஏஜெண்ட் மூன்று தடவை சொல்லிவிட்டுப் போயிருந்தார். போன மாதம்தான் இதே கரியால் நர்ஸுகளின் உடுப்பு வேலை கைவிட்டுப் போனது. இதுவும் போனால் மெஷினுக்கு உறை போட்டு மூட வேண்டியதுதான்.

ஜன்னலைச் சாத்தலாமே என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

சாத்தினாள். கால் மணி நேரத்தில் அறை அடுப்பாகிவிட்டது. வியர்வை பன்னிரண்டாவது சட்டையில் சொட்டியது. ஃபேனைப் போட்டாள். இறக்கைமேல் சேர்ந்திருந்த மூன்று மாதக் கரி மொத்தமும் மழையாக இறங்கியது.

"தொடைச்சிட்டுப் போட்டிருக்கலாம்," என்றார் கணவர்.

"அதை முன்னாடியே சொல்ல வாயில என்ன பூட்டா?"

எல்லாவற்றையும் அள்ளிப்போய்த் துவைத்து மாடியில் காயப்போட்டாள். ஈரத்துணி புதுக் கரியைப் பசை போட்டதுபோலப் பிடித்துக்கொண்டது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று கணவர் மகளின் ரப்பரை எடுத்துத் தேய்த்தார். கடுகளவு பொட்டு உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது. ரப்பரைப் பிடுங்கி வைத்தாள்.

இந்தப் புகையை அவள் சும்மா விட்டுவிடவும் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்பே, தன் பேரைப் போடாமல், நகராட்சிக்கு நாலு பக்கம் புகார் எழுதிப் போட்டிருந்தாள். கிணற்றில் போட்ட கல்தான்.

மணி மூன்று. இருபதும் தைத்து முடிந்திருந்தது, பொட்டுதான் போகவில்லை. வெட்டியது போக மிச்சமான துணி கண்ணில் பட்டது.

பொட்டு விழுந்த இடத்திலெல்லாம் பாக்கெட் வைக்க ஆரம்பித்தாள். மார்பில் பட்டிருந்தால் மார்பில், கையில் பட்டிருந்தால் கையில். காலர்களைப் பிரித்து உள்பக்கத்தை வெளியே திருப்பினாள். ஒரு சட்டைக்கு முதுகில் மட்டும் இரண்டு பாக்கெட்.

"முதுகுல வெச்சா எவன் கைய விடுவான்?"

"பின்னாடி நிக்கிறவன். நீங்க பட்டனைத் தைங்க."

ஆறு மணிக்கு வண்டிக்காரர் வந்தார். ஒவ்வொரு சட்டையாக விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். முதுகுப் பாக்கெட்டில் கொஞ்சம் தயங்கினார். உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டு, தனக்கெதற்கு என்பதுபோல மடித்து வைத்தார்.

"பால் மாதிரி இருக்குக்கா. இந்தப் புகையில உக்காந்து எப்படித்தான் தெச்சீங்களோ."

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. வெள்ளைச் சட்டை என்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் என்ற நினைப்பில், எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறது, வேலை தொடர்ந்து கிடைக்குமா என்று விசாரித்தாள்.

வண்டிக்காரர் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் தலையை ஆட்டினார்.

"ஆஸ்பத்திரியா? இந்த எதிர்ப் பட்டறைக்குத்தான்க்கா. எவனோ நாலு பக்கத்துக்குப் புகார் எழுதிப்புட்டானாம், நாளைக்கு அதிகாரி வர்றாரு. ஆளுங்க பொட்டுக் கரி இல்லாம வெள்ளையில நின்னா, புகையே இல்லன்னு எழுதிட்டுப் போயிடுவாருல்ல."