ஜிமிக்கி போட்டுப் பார்த்த நகை

மீசைக்கும் ஜிமிக்கிக்கும் பொருத்தம் உண்டு என்று நிரூபித்த ஒரே ஆண்பிள்ளை, உலகத்திலேயே, அக்காள்மடம் என்ற கடலோர ஊரில்தான் இருந்தார். எண்பதுகளில் நானும் அவரும் ஒரே அறையில் குடியிருந்தோம். ஊர் அவரை ஜிமிக்கி என்றே அழைத்தது.

செம்பிலும் பித்தளையிலும் நகை செய்வார். மாங்காய், மயில், அன்னம் எதுவும் கிடையாது. நண்டுக்கால், வலை முடிச்சு, மணலில் லாரி டயர் பதித்த தடம், இவைதான் அவருக்கு அழகு. மீன்குழம்பு வைத்த அன்று என் தட்டு முள்ளையும் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மென்றுவிட்டேன் என்றால் சாயங்காலம்வரை பேசமாட்டார்.

எந்த நகையையும் ஒரு வாரம் தானே போட்டுப் பார்க்காமல் கொடுக்கமாட்டார். சின்ன வயதில் குத்திய காது தூர்ந்துபோகாதது அவருக்கு வசதி. கொலுசு வாரத்தில் அவர் வருவது தெருமுனையிலேயே கேட்கும்.

பரமக்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி வீட்டில் எனக்குப் பெண் பேசினார்கள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. அவளுக்கு என்னைப் பிடிக்க என் முகம் மட்டும் போதாது என்று தோன்றியதால், ஜிமிக்கியிடம் ஒரு கழுத்து நகை கேட்டேன். மீன்முள் மாதிரி ஒன்று செய்து, வழக்கம்போல மாட்டிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் காலை, மாப்பிள்ளை எப்படி என்று விசாரிக்க, பெண்ணின் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். நான் விழித்தபோது காரியம் கெட்டிருந்தது. வெற்றுடம்பில் நகையோடு ஜிமிக்கி சோறு வடித்துக்கொண்டிருந்தார். நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். வேறு வீரம் எதுவும் தோன்றவில்லை.

"இது யாருக்குத் தம்பி?"

"ஒங்க மகளுக்குத்தான் அய்யா. பின்னங்கழுத்துல குத்துது. ரெண்டு நாள் பொறுங்க, அரம் வச்சு ராவித் தாரேன்."

"குத்துனா கழட்டிற வேண்டியதான?"

"கழட்டிட்டா எங்கன குத்துதுன்னு எப்படித் தெரியும்?"

"மாப்பிள்ளை போட்டுப் பாக்கலையா?"

"அவரு தூங்குனா தேள் கொட்டுனாலும் தெரியாது அய்யா. அவர வச்சு ஒண்ணும் பாக்க முடியாது."

சம்பந்தம் போயிற்று என்று போர்வைக்குள் முடிவு செய்தேன். பெரியவர் அவரைத் திரும்பச் சொன்னார். பின்னங்கழுத்தில் வரிசையாகச் சிவப்புப் புண்.

"தேங்காயெண்ணெய் இருக்கா? குனிங்க தம்பி."

தடவிக்கொண்டே என் பக்கம் கைகாட்டினார். "இவருக்குப் பொண்ணக் குடுக்கலாமான்னு யோசனையாத்தான் வந்தேன். இப்பக் குடுக்கலாம். நீங்க பக்கத்துலயே இருப்பீகள்ல?"

"இங்கனதான் அய்யா இருக்கேன்."

கல்யாணப் போட்டோவில் மனைவி அந்த நகையோடு சிரிக்கிறாள். நான் முழிக்கிறேன். ஓரத்தில், கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொண்டு ஒருவர் நிற்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அவரைத்தான் காட்டுகிறேன்.