நாலாம் பாகமும் கறையான் ராணியும்

ஒரு காட்டில், படிக்கும் பழக்கம் முற்றிப்போன அழுங்கு ஒன்று இருந்தது. பெயர் சேந்தன். உடம்பெல்லாம் செதில், முழ நீள நாக்கு, சாப்பாட்டுக்குக் கறையானும் எறும்பும். இதெல்லாம் எந்த அழுங்குக்கும் உள்ளதுதான். ஆனால் கடையில் வெல்லம் மடித்துக் கொடுத்த காகிதத்தைப் பிரித்து, இரண்டு பக்கமும் படித்து முடித்த பிறகுதான் வெல்லத்தைப் பார்க்கும் அழுங்கு, அந்தக் காட்டில் சேந்தன் ஒருவன்தான்.

காட்டில் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. வாங்கத்தான் முடியாது. மயில் கோமளா நடத்திய புத்தகக் கடையில் ஒரு நாவலின் விலை, சேந்தன் ஒரு மாதம் ஊராருக்குக் குழி தோண்டிக் கொடுத்து வாங்கும் கூலி. அதனால் அவன் கடைக்குப் போய் நின்றுகொண்டே படிப்பான். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பக்கம். விட்ட இடத்தை மறக்காமலிருக்க, பக்க எண்ணை வால் செதிலில் சுண்ணாம்பால் எழுதிக்கொள்வான். இப்படியே அணில் ஒன்று எழுதிய ‘நீலக்கணவாய்’ என்ற நாவலின் மூன்று பாகங்களை முடித்துவிட்டான்.

மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில், அலரி என்ற பெண்மான் மலையுச்சியின் விளிம்பில் நிற்கிறாள். பின்னால் வேடன் வருகிறான். முன்னால் பள்ளம். அந்தப் பள்ளத்திலிருந்து யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அங்கே ‘தொடரும்’ என்று போட்டுவிட்டார்கள்.

நாலாம் பாகம் வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. வந்த அன்று, கடை திறக்கும் முன்பே சேந்தன் வாசலில் நின்றான். புத்தகம் நெகிழித்தாளில் இறுக்கமாகச் சுற்றி ஒட்டப்பட்டிருந்தது.

“இதைப் பிரிச்சுப் பார்க்கலாங்களா?” என்று கேட்டான்.

“பிரிச்சா வாங்கணும் சார்,” என்றாள் கோமளா. “உங்களாலதான் சுத்தச் சொன்னேன். மூணாம் பாகத்துல பக்கத்துக்குப் பக்கம் உங்க நகக்குறி. பழைய புத்தகத்தை வித்துட்டேன்னு ரெண்டு பேர் திருப்பிக் கொடுத்துட்டாங்க.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள். சேந்தனுக்கு வெட்கம் தாங்கவில்லை. கடையிலிருந்து பாதிப் பந்தாகச் சுருண்டுகொண்டே வெளியே வந்தான்.

பிறகு குரங்குகள் நடத்திய வாசகர் குழுவில், நாலாம் பாகம் போனிலேயே கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தான். ஒன்பது பக்கங்கள் வந்தன. ஒவ்வொரு பக்கத்தையும் புகைப்படம் எடுத்த குரங்கின் கட்டைவிரல் பாதிப் பக்கத்தை மறைத்திருந்தது. பத்தாவது படம் யாரோ ஒருவர் வீட்டு மின்கட்டண ரசீது. சேந்தன் அதையும் முழுக்கப் படித்தான். அதன் பிறகு, இரண்டு பாகத்துக்கு நடுவே ஒன்றரை வருஷம் உட்கார்ந்து எழுதிய அணிலை நினைத்து அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. குழுவிலிருந்து விலகிவிட்டான்.

மிச்சமிருந்தது அரசு நூலகம்.

நூலகர் காந்திமதி ஓர் ஆமை. உறுப்பினர் படிவத்தை எடுத்துக் கொடுக்கவே காலையிலிருந்து மதியம் ஆயிற்று. படிவத்தில் முகவரிச் சான்று கேட்டிருந்தார்கள்.

“வளைக்குப் பட்டா இருக்கா?” என்று கேட்டாள் காந்திமதி.

“வளைக்கு ஏதுங்கம்மா பட்டா?”

“அப்ப பட்டா இல்லைங்கறதுக்கு ஒரு சான்று வாங்கிட்டு வாங்க. பச்சை மையில கையெழுத்து இருக்கணும்.”

பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யானைக்கு மட்டும் உண்டு. யானையின் அலுவலகத்தில் சேந்தன் பதினோரு நாள் வரிசையில் நின்றான். ஏழாம் நாள் அவன் முறை வந்தபோது யானை குளிக்கப் போயிருந்தது. யானை குளிக்கப் போனால் மூன்று நாள். ஒருவழியாகச் சான்று கிடைத்து, உறுப்பினர் அட்டையும் கைக்கு வந்தது. அட்டையை மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தான் சேந்தன். பிறகு நேராகப் போய் நாலாம் பாகத்தைக் கேட்டான்.

இருந்தது. கண்ணாடி பீரோவுக்குள், மேல்தட்டில், புத்தம் புதிதாக.

“அது வெளியே கொடுக்கறதில்லை,” என்றாள் காந்திமதி.

“இங்கேயே உட்கார்ந்து படிச்சுக்கறேன்.”

“பீரோவைத் திறந்தாதானே படிப்பீங்க? திறக்கறதும் இல்லை.”

சேந்தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அப்ப இது எதுக்கும்மா?”

“நேத்துப் பேப்பர் படிக்கலாம்.” அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே தொடர்ந்தாள். “புத்தகம் தொலைஞ்சா என் சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க சார். இருபத்தாறு வருஷ சர்வீஸ் எனக்கு. ஒரு புத்தகம் தொலைஞ்சதில்லை. ஏன்னா ஒரு புத்தகம் வெளிய போனதில்லை.”

பெருமையாகத்தான் ஆரம்பித்தாள். கடைசி வார்த்தை வரும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

சேந்தன் தினமும் போனான். கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்து, நாலாம் பாகத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அப்படி நின்ற ஒரு நாள், பீரோவின் காலடியில் மெல்லிய மண்கோடு ஒன்று மேலேறுவதைக் கண்டான். கறையான். உடனே காந்திமதியிடம் சொன்னான்.

அவள் மண்கோட்டைப் பார்த்தாள். பிறகு அவனை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்க அழுங்குதானே?”

மறுநாளே சேந்தனுக்குத் தற்காலிகக் கறையான் ஒழிப்பாளர் என்று வேலை போட்டுக் கொடுத்தார்கள். சம்பளம் பிறகு வரும். சாப்பாடு வேலையிலேயே அடக்கம். நூலகத்துக்குள்ளேயே விருந்து. இதைவிட ஒருவனுக்கு என்ன வேண்டும் என்று அவன் வயிறு நிறைய வேலை பார்த்தான்.

நாலாவது நாள் கொல்லைப்புறம் போனவன் அப்படியே நின்றுவிட்டான். அங்கே புத்தகங்கள் குவிந்து கிடந்தன. பழைய பேப்பர் வாங்கும் நரி முனுசாமி அவற்றைத் தராசில் போட்டு எடை பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னங்க இது?”

“கழிவுங்க,” என்றான் முனுசாமி. “கறையான் தொட்டதுன்னு சீல் குத்திட்டா கணக்குலேர்ந்து எடுத்துடுவாங்க. நான் எடைக்கு வாங்கிக்கறேன். உங்களுக்கு வேணும்னாலும் எடுத்துக்குங்க. ஒரு கை நெல்லிக்காய் கொடுங்க, போதும்.”

சேந்தன் ஒன்றை எடுத்தான். ஆறுகளைப் பற்றிய தடித்த புத்தகம். அட்டையின் ஒரு மூலையைத்தான் காணோம். உள்ளே ஓர் எழுத்துக்குக்கூடச் சேதமில்லை. இன்னொன்றை எடுத்தான். அதுவும் அப்படித்தான். முனுசாமி சொன்ன விலைக்கு ஆறு புத்தகங்களை அள்ளிக்கொண்டு, நெல்லிக்காய் கொண்டுவருவதற்காக ஓடினான். ஓடும்போதே அவனுக்கு ஒரு விஷயம் உறைத்தது. கறையான் தொட்ட புத்தகம் அவனுக்குக் கிடைக்கிறது. தொடாத புத்தகம் பீரோவுக்குள் கிடக்கிறது. அவனோ இந்த நாலு நாளாகக் கறையானைத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறான்.

அன்று சாயங்காலம் நூலகத்துக்குப் பின்னாலிருந்த புற்றுக்குப் போய், வாசலில் முகத்தை வைத்தான்.

“இன்னிக்குச் சாப்பிட வரலை. பேச வந்திருக்கேன்.”

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அது கறையான் ராணி. “முதல்ல அந்த நாக்கை உள்ளே போட்டுட்டுப் பேசுங்க.”

சேந்தன் நாக்கைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டான். தன் மக்களில் பாதியைத் தின்றவனிடம் பேசுவது ராணிக்குச் சுலபமாக இல்லை. ஆனால் மீதிப் பாதியை நினைத்து அவள் பேசினாள்.

“இனிமே உங்க பக்கமே வரமாட்டேன்,” என்றான் சேந்தன். “பீரோவுல இருக்கற புத்தகத்தை எல்லாம் நீங்க தாராளமாத் தொடலாம். ஆனா கதையில வாய் வைக்கக் கூடாது.”

“எங்களுக்கு எழுத்தே பிடிக்காது. மை கசக்கும். ஆனா அட்டை மூலையை மட்டும் தின்னா எங்க கூட்டத்துக்கு எப்படிப் போதும்?”

“அணிந்துரையை எடுத்துக்குங்க.”

“அது என்னது?”

“கதைக்கு முன்னாடி வேற ஒருத்தர் எழுதறது. கசந்தாலும் பரவாயில்லைன்னு தின்னுடுங்க. கூடவே வாழ்த்துரை, பதிப்புரை எல்லாம் இருக்கும். ஒரு மழைக்காலம் முழுக்க உங்களுக்குத் தாங்கும்.”

“முன்னுரை?”

சேந்தன் தயங்கினான். முன்னுரை என்பது கதையை எழுதியவரே எழுதுவது. “ரெண்டு பக்கத்துக்கு மேல போனா எடுத்துக்குங்க,” என்றான்.

ஒப்பந்தம் முடிந்தது. அன்றிலிருந்து சேந்தன் எறும்பை மட்டும் சாப்பிட்டான். எறும்பு புளிக்கும். மூன்று வேளையும் புளிப்பு. ஒரே மாதத்தில் செதில்கள் தொளதொளவென்று ஆடும் அளவுக்கு இளைத்துப்போனான். ஆனால் கழிவுக் குவியலில் நாலாம் பாகம் வந்து விழுந்தது.

கொல்லையிலேயே உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தான். பள்ளத்திலிருந்து கூப்பிட்டது யார் என்று தெரிந்த இடத்தில் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டான். அது யார் என்று இங்கே சொல்வது முறையல்ல. வாசகர்கள் தாங்களே வாங்கிப் படித்துக்கொள்ளட்டும், முடிந்தால்.

விஷயம் பரவியது. முயலும் மானும் பையோடு கொல்லைக்கு வர ஆரம்பித்தன. ஒரு மதியம் காந்திமதியே வந்தாள். குவியலைக் கிளறி, ஒரு பயணக்கதையை எடுத்தாள்.

“இருபத்தாறு வருஷமா இதோட முதுகை மட்டும்தான் பார்த்திருக்கேன்,” என்றாள். முனுசாமியிடம் நெல்லிக்காயை எண்ணிக் கொடுத்துவிட்டு, சேந்தன் பக்கம் திரும்பினாள். “கறையான் ஒழிக்கறவர் இப்படி இளைச்சுக்கிட்டே போறீங்களே சார்?”

சேந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

“நாளையிலேர்ந்து தண்ணிக் குடத்தை ரெண்டாவது பீரோ பக்கத்துல வைக்கப் போறேன்,” என்றாள் காந்திமதி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. “அங்க ஈரம் கொஞ்சம் அதிகமா இருக்கும்.”

இப்படியே ஐந்து பீரோக்கள் காலியான பிறகு, நூலகத் துறையின் இயக்குநர் கரடி மாமல்லனார் சோதனைக்கு வந்தார். அரசு எந்தப் புத்தகத்தை வாங்க வேண்டும் என்று முடிவு செய்பவர் அவர்தான். தம்முடைய அணிந்துரை இருக்கும் புத்தகத்தைத்தான் வாங்க வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

கொல்லையில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, கழிவுப் புத்தகங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். பத்துப் புத்தகம் பார்த்தார். இருபது பார்த்தார். முகம் கறுத்துக்கொண்டே வந்தது. கரடிக்கு முகம் கறுப்பது வெளியே தெரியாது; ஆனால் மூச்சு தெரிந்தது.

“கதை அப்படியே இருக்கு,” என்றார் மெதுவாக. “எல்லாத்துலயும் என் பக்கத்தை மட்டும் காணோம். இது கறையான் செஞ்ச வேலை மாதிரித் தெரியலையே. யாரோ சொல்லிக் கொடுத்து நடந்திருக்கு.”

காந்திமதியின் தலை ஓட்டுக்குள் போய்விட்டது. ஓய்வு பெற அவளுக்கு இன்னும் இரண்டே வருஷம். சேந்தனும் பயத்தில் பந்தாகச் சுருண்டுவிட்டான். சுருண்டபடியே யோசித்தான். கரடி விசாரணை வைத்தால் காந்திமதியின் ஓய்வூதியம் போகும். புற்றைத் தோண்டிப் போடுவார்கள். பீரோவுக்குப் புதுப் பூட்டு வரும். செதில் இடுக்கு வழியே காந்திமதியின் ஓட்டைப் பார்க்கப் பார்க்க அவனால் சுருண்டிருக்க முடியவில்லை. எழுந்து நின்றான்.

“ஐயா, நான் பக்கத்துலயே இருந்து பார்த்தவன். அதுங்களுக்கு எதிர்ல முழுப் புத்தகமும் இருந்தது. கதையைத் தொடலை. நேரா உங்க அணிந்துரைக்குத்தான் போச்சுங்க.”

கரடி அவனை உற்றுப் பார்த்தார். “அரைகுறையாவா?”

“கடைசி வரி வரைக்கும் ஐயா. கீழே நீங்க போட்ட ஊர், தேதியைக்கூட விடலை.”

மாமல்லனார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

“முந்நூறு அணிந்துரை எழுதியிருக்கேன்யா,” என்றார். “முழுசாப் படிச்சேன்னு ஒருத்தர் சொன்னதில்லை. புத்தகத்தை எழுதினவங்களே சொன்னதில்லை.”

ஓட்டுக்குள்ளிருந்து ஒரு கண் மட்டும் வெளியே வந்து பார்த்தது.

கரடி அங்கேயே உட்கார்ந்து மூன்று உத்தரவுகள் எழுதினார். நூலகத்துக்கு இனி இரண்டு மடங்கு புத்தகம் வாங்க வேண்டும். ஒவ்வொரு புத்தகத்திலும் அவருடைய அணிந்துரை பன்னிரண்டு பக்கத்துக்குக் குறையக் கூடாது. புற்றில் இருக்கும் வாசகர்களுக்கு யாரும் எந்தத் தொந்தரவும் தரக் கூடாது. மூன்றையும் பச்சை மையில் எழுத யானையிடமிருந்து பேனாவை வரவழைத்தார்.

அதன் பிறகு காட்டில் எல்லோருக்கும் புத்தகம் கிடைத்தது. அரசு இரண்டு மடங்கு வாங்கியதால் அணிலுக்கும் நாலு காசு வந்து, அது ஐந்தாம் பாகத்தை ஆரம்பித்தது. சேந்தன் புளித்த எறும்பைத் தின்றுகொண்டே வாரம் மூன்று புத்தகம் படித்தான். ராணியிடமிருந்து மட்டும் ஒரு புகார் வந்தது. புது அணிந்துரைகள் ரொம்பக் கனமாக இருக்கின்றன, சின்னக் கறையான்களுக்குச் செரிக்கவில்லை என்றாள்.

“நன்றியுரையையும் சேர்த்துக் கொடுங்க,” என்றான் சேந்தன், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல். “அதுல ஒண்ணும் இருக்காது. லேசா இறங்கிடும்.”

நீதி: நல்ல அணிந்துரை புத்தகத்தை நூலகத்துக்குள் கொண்டுசேர்க்கும், நல்ல கறையான்தான் அதை வாசகரிடம் கொண்டுசேர்க்கும்.