எப்பன் அண்ணையும் என் முதுகுப்பையும்

இந்தப் பூமியில் அளவு என்ற ஒன்றே தெரியாமல் ஐம்பத்தாறு வயதுவரை வாழ்ந்துகாட்டிய ஒரே மனிதர் எப்பன் அண்ணைதான். கிலோமீட்டரோ நிமிடமோ மிளகாய்த்தூளோ, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே கணக்குதான்: ‘எப்பன்’. நாம் ‘கொஞ்சம்’ என்பதற்கு யாழ்ப்பாணத்துக்காரர்கள் சொல்லும் சொல் அது. அவர் எப்பன் தூரம் என்றால் செருப்பு தேய்ந்துவிடும். எப்பன் உறைப்பு என்றால் காது வழியாகப் புகை வரும். “எப்பன் பொறுங்கோ” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார் என்றால், நீங்கள் ஒரு தூக்கம் போட்டு எழுந்து பல் தேய்த்துவிடலாம்.

ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரத்தில், டான்யூப் ஆற்றுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன ஹாஸ்டல். அதன் சமையலறை அவருடைய ராஜ்ஜியம். வந்து தங்குகிறவர்கள் பிரேசிலோ கொரியாவோ, எல்லாரும் அவரை ‘எப்பன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஹாஸ்டல் முதலாளியம்மாள் அதுதான் குடும்பப் பெயர் என்று நம்பி, அவருடைய ஏப்ரனில் ‘ஹெர் எப்பன்’, அதாவது திருவாளர் எப்பன், என்று நூலால் தைத்தே கொடுத்துவிட்டார். அண்ணை மறுக்கவில்லை.

நான் வால்டோர்ஃபில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் திருச்சிப் பெண். தனியாக ஊர் சுற்றுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு. எட்டுக் கிலோ முதுகுப்பை, எக்செல் ஷீட்டில் இருபத்துமூன்று இடங்கள், ஒன்றரை நாள். சனிக்கிழமை வந்து ஞாயிறு மாலை கிளம்பியே ஆகவேண்டும். ஏனென்றால் திங்கள் காலை எட்டு மணிக்கு எனக்கு டெர்மின்.

டெர்மின் என்றால் அப்பாயின்ட்மென்ட் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். விசாவில் இருக்கிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஐந்து மாதம் மின்னஞ்சல் போட்டுக் கெஞ்சி வாங்கியது. அந்த வாரமே என் விசா முடிகிறது. விட்டால் அடுத்தது எப்போது என்று ஆண்டவனுக்கே தெரியாது. பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம், போட்டோ எல்லாம் ஒரு நீல ஃபைலில் என் முதுகுப்பையிலேயே இருந்தது. வீட்டில் வைத்தால் மறந்துவிடுவேனாம். அதிபுத்திசாலி!

சனிக்கிழமை மதியம் ஹாஸ்டல் சமையலறையில் கப் நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். முடித்ததும் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

“தமிழோ?”

“ஆமா.”

“ஓம் எண்டு சொல்லுங்கோ தங்கச்சி. ஆமா எண்டால் ஆரோ படத்திலை கதைக்கிற மாதிரிக் கிடக்கு.” சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த கப்பை வாங்கினார். “உதை மனிசர் தின்னுறதே?”

கப் குப்பைத்தொட்டிக்குப் போனது. பிட்டும் மீன் குழம்பும் வந்தது. எனக்குக் கண்ணில் நீர் கொட்டக் கொட்ட, எதிரே உட்கார்ந்து என் எக்செல் ஷீட்டைப் படித்தார்.

“இருபத்திமூண்டு இடமோ? உங்களைப் பொலிஸ் தேடுதே?”

“சீக்கிரமா பார்த்துடுவேன் அண்ணா.”

“பாப்பியள். ஆனால் ஒண்டும் தெரியாது.” ஏப்ரனுக்கு மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டார். “வாங்கோ, எப்பன் நடந்திட்டு வருவம்.”

நாலு மணி நேரம். இருபத்துமூன்றில் பார்த்தது இரண்டே இடம். முதலாவது, ஆற்றின் மேலிருக்கும் பழைய கல் பாலம். ஒரு வழிகாட்டிப் பெண், இதைச் சாத்தான்தான் கட்டிக்கொடுத்ததாகப் பழங்கதை என்று சுற்றுலாக் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணை கூட்டத்துக்குள் புகுந்து, பவேரிய வாடையடிக்கும் ஜெர்மனில் அரை மணி நேரம் அவளோடு வாதாடினார். ஜெயித்த முகத்தோடு திரும்பி வந்து எனக்குத் தமிழில் தீர்ப்பு சொன்னார். “சாத்தானும் இல்லை, ஒருத்தனும் இல்லை. எங்களை மாதிரிக் கூலிக்கு வந்த ஆக்கள் கட்டினது. பேர் தெரியாட்டிச் சாத்தான் எண்டு எழுதிப்போடுவினம்.” கூட்டத்தில் பாதிப் பேர் வழிகாட்டியை விட்டுவிட்டு எங்கள் பின்னால் வந்தார்கள். அவர்களையும் இழுத்துக்கொண்டுதான் அடுத்த இடத்துக்குப் போனோம்.

அது ஒரு சிறிய மாதா கோயில். மூலையில் இருந்த அந்தோனியார் சிலைக்கு முன்னால் நின்று, மண்டியிடாமல், முறைத்தார்.

“துலைஞ்ச சாமானைத் தேடித் தாறவர். எனக்கும் இவருக்கும் கொழுவல்.”

“சாமியோட என்ன சண்டை?”

“ஒரு பை கேட்டனான். முப்பது வருசமாச்சு. மூச்சில்லை.”

ஜோக் அடிக்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருடைய கட்டளை பிறந்தது. “உந்த போனை நம்பாதேங்கோ. இண்டைக்குத் தண்டவாளத்திலை வேலை நடக்குது. நான் பான்ஹோஃபுக்குப் போய்க் கேட்டிட்டு மெசேச் போடுறன். பையைத் தாங்கோ, உந்தப் பாரத்தோடை நீங்கள் சுத்தேலாது.” என் ரயில் நாலரைக்கு என்று செயலி தெளிவாகக் காட்டியது. இருந்தாலும் எட்டுக் கிலோ முதுகிலிருந்து இறங்கினால் யார் வேண்டாம் என்பார்கள்? அவர் என் பையையும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனார். நான் பெரிய தேவாலயச் சதுக்கத்தில் ஐஸ்கிரீம் வாங்கினேன்.

மூன்று மணி வாக்கில் செய்தி வந்தது. “தங்கச்சி ரெயின் வருது. கெதியா வாங்கோ.”

கெதியா என்றால் சீக்கிரம். அண்ணாந்து பார்த்தேன். ஒரே ஒரு மேகம். ஜெர்மனி மேகத்தை நம்பக்கூடாது என்று ஒரு வளைவுக்குக் கீழே ஒதுங்கிக்கொண்டு எழுதினேன்: “பரவால்ல அண்ணா. நின்னதும் வரேன்.”

“நிண்டிட்டுது.”

அதற்குள்ளாகவா? “இங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!”

“இஞ்சை நிக்குது. எப்பன் நேரந்தான் நிக்கும்.”

எப்பன் நேரம் என்றால் எனக்குத் தெரியாதா? குறைந்தது இரண்டு மணி நேரம். நிம்மதியாக இன்னொரு கரண்டி ஐஸ்கிரீம் வாங்கினேன். பிஸ்தா. அடுத்த செய்தி: “நான் இப்ப ரெயினிலை நிக்கிறன்.”

“ஐயோ நனையாதீங்க! உள்ள போங்க!”

“உள்ளுக்கைதான் நிக்கிறன். கதவைப் பூட்டிட்டாங்கள்.”

இது என்னடா வம்பு என்று விழிக்கும்போதே போன் அடித்தது. “தங்கச்சி! எங்கை நிக்கிறியள்? நானும் உங்கடை பையும் நியூரம்பெர்க் போறம்!”

டிவியை ‘ரிவி’ என்றும் டிக்கெட்டை ‘ரிக்கெற்’ என்றும் எழுதுகிற மனிதர், ட்ரெயினை வேறு எப்படி எழுதுவார்? வாயால் சொன்னால் அச்சு அசல் ட்ரெயின்தான். எழுத்தில்தான் எனக்கு மழை கொட்டியிருக்கிறது. நாலரை ரயில் ரத்தாம். என் மாதப் பாஸில் போய்ச்சேர அவர் ஏறியிருந்த வண்டிதான் கடைசியாம். எனக்கு இடம் பிடிக்க ஜன்னலோரம் பையை வைத்திருக்கிறார். என்னைப் பார்க்க வாசலுக்கு வந்தவர், கதவு மூடப்போவதைக் கண்டு, இறங்காமல் பையிடமே திரும்பி ஓடியிருக்கிறார். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அந்த மனிதர் ‘எப்பன்’ என்ற சொல்லைச் சரியான அளவில் பயன்படுத்தினார். அன்றைக்குப் பார்த்துதான் நான் நம்பவில்லை.

சொட்டு மழை இல்லாத வெயிலில் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அதிவேக ரயில் ஒன்று அடுத்துக் கிளம்ப இருந்தது. விலையைப் பார்க்காமல் போனிலேயே டிக்கெட் எடுத்து ஏறிவிட்டேன். தனியாக ஊர் சுற்றும் வீராங்கனை அந்த ஒரு மணி நேரமும் நகம் கடித்தபடி வந்தாள் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பாஸ்போர்ட் இல்லை, ஒப்பந்தம் இல்லை, விடிந்தால் டெர்மின். ரொம்பப் பயந்துவிட்டேன்.

நியூரம்பெர்க் நடைமேடையில் ‘ஹெர் எப்பன்’ ஏப்ரன், காலில் சமையலறைச் செருப்பு. பையை நெஞ்சுப் பக்கமாக மாட்டி, கைக்குழந்தையைப் போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் கண் கலங்கியபடி ஒரு டிக்கெட் பரிசோதகர். பதறிவிட்டேன். அப்புறம்தான் அவர் கையில் பாதி கடித்த மீன் ரோல்ஸைப் பார்த்தேன்.

“சொந்தக்காரர் இல்லாத பையை நிறையப் பார்த்திருக்கிறேன்” என்றார் பரிசோதகர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு வரும் பையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.”

அண்ணை டிக்கெட் இல்லாமல் வந்ததற்கு நான் காசு கட்டியதும் பரிசோதகர் ரோல்ஸோடு போனார். எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

“பையை விட்டுட்டு இறங்கியிருக்கலாமே அண்ணை? தொலைஞ்ச பொருள் ஆபீஸ்ல கேட்டு வாங்கியிருப்பேனே!”

“உதைத்தான் எனக்கும் சொன்னவை.” பையைக் கழற்றி என் தோளில் மாட்டி, வாரை இழுத்துச் சரிசெய்தார். “இந்த நாட்டுக்கு வந்த கிழமை, ரெயினிலை நித்திரையாப் போனன். முழிச்சு, பதறி இறங்கினன். பை ரெயினோடை போட்டுது. என்ரை பேப்பர் எல்லாம் அதுக்குள்ளை. பேந்து நாலு வருசம், நான் ஆரெண்டு ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரிலையும் நிண்டு நானே சொல்லவேண்டிக் கிடந்தது. ஒருத்தரும் நம்பேல்லை.” பையை ஒரு தட்டுத் தட்டினார். “உங்கடை பை தனியப் போகப்படாது.”

என் ரயில் வந்தது. அவரே என்னை ஏற்றி, பையை என் மடியில் வைக்கச் சொல்லி, வண்டி நகரும்வரை ஜன்னலுக்கு வெளியே நின்று “மடியிலை, மடியிலை” என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

திங்கள் காலை எட்டு மணிக்கு நீல ஃபைல் அதிகாரி மேஜையில் இருந்தது. அந்த அம்மாள் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார், முத்திரை குத்தினார், நான் வெளியே வந்து அழுதேன். வேலையும் வீடும் தப்பித்தது.

புது அனுமதி வந்ததும் அலுவலகத்தில் விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லிப் படிவம் வந்தது. ‘அவசரத்துக்கு ஜெர்மனியில் யாரை அழைக்க வேண்டும்?’ மூன்று வருடமாக அந்தக் கட்டத்தில் நான் ஒரு கோடு போட்டு அனுப்புவேன். தனியாள் என்ற பெருமை. இந்த முறை போனை எடுத்தேன்.

“அண்ணை, உங்க முழுப் பேர் என்ன?”

“ஏன், பையைத் துலைச்சிட்டியளோ?”

“இல்ல. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா யாருக்குச் சொல்லணும்னு ஆபீஸ்ல கேக்கறாங்க.”

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. அப்புறம் எழுத்தெழுத்தாகச் சொன்னார். “வடிவாப் பாத்து எழுதுங்கோ தங்கச்சி. ஒரு எழுத்துப் பிழைச்சாலும் என்னட்டைச் சொல்லமாட்டாங்கள்.”

இரண்டு முறை சரிபார்த்து எழுதினேன். பக்கத்தில் ‘உறவு’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்கு மட்டும் அவரைக் கேட்கவில்லை. அண்ணன் என்று போட்டேன்.